தேர்வில் தோற்ற துறவி

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும், பங்குத்தந்தை இல்லத்தின் வாசலில் பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். கல்லூரியில் இடம் கேட்டுப் பரிந்துரைக் கடிதம் வாங்க வருபவர்கள் சிலர். கல்விக் கடனுக்கு யாரைப் பார்ப்பது என்று விசாரிக்க வருபவர்கள் சிலர். அப்படி வந்தவர்களுள் ஒரு கொத்தனாரை என்னால் மறக்க முடியவில்லை. மனைவியின் நகைகளை அடகு வைத்து மகனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தவர். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மகனுக்கு ஒன்பது அரியர். பையன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. பட்டம் இல்லாமல் போனால் இவன் வாழ்க்கை என்ன ஆகும் என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி.

அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்விக்கு மேடைகளில் கிடைக்கும் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. எடிசன் சில மாதங்களே பள்ளிக்குப் போனார், பில் கேட்ஸ் கல்லூரியைப் பாதியில் விட்டார் என்று பட்டியல் போட்டு, பட்டமெல்லாம் வெறும் காகிதம் என்று முடித்துவிடுவார்கள். அப்படிப் பேசுகிறவரே தம் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். இடம் தேடி அலைவார்! அருள்பணியாளர்களாகிய எங்கள் பதிலும் பல நேரம் கேள்விக்குப் பொருந்துவதில்லை. புனித ஜான் மரிய வியான்னிக்கு இலத்தீன் வரவில்லை, ஆனாலும் புனிதரானார் என்று மறையுரையில் சொல்லி ஆறுதல்படுத்துவோம். புனிதராவதற்குப் பட்டம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கொத்தனார் கேட்டது அதையல்ல. மகனின் பிழைப்புக்கு வழி என்ன என்று கேட்டார்.

அவருக்கும் அவர் மகனுக்கும் நான் சொன்னது வேறோர் அருள்பணியாளரின் கதை. அவர் புனிதர் பட்டமும் பெறவில்லை, பல்கலைக்கழகப் பட்டமும் பெறவில்லை. ஆனால் பள்ளியில் உயிரியல் படித்த எல்லாருக்கும் அவர் பெயர் தெரியும். அவர்தான் பட்டாணிச் செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்த கிரகோர் மெண்டல்.

இன்றைய செக் குடியரசில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஒரு மூலையில், ஹின்சிட்சே என்னும் சிற்றூரில் 1822ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிறந்தார். திருமுழுக்குப் பெயர் யோகான். தந்தை அந்தோன் சிறு விவசாயி. சொந்த நிலம் உண்டு என்றாலும், வாரத்தில் மூன்று நாள் பண்ணையாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். அக்காலத்துச் சட்டம் அப்படி. அந்த ஊர்ப் பங்குத்தந்தை ஷ்ரைபர் என்பவர் மக்களுக்குப் பழமரம் வளர்க்கவும் ஒட்டுப் போடவும் கற்றுக்கொடுத்தவர். ஊர்ப் பள்ளியில் தேனீ வளர்ப்பும் சொல்லித் தந்தார்கள். மெண்டலின் தந்தையும் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒட்டு மரங்கள் வைத்திருந்தார். பையனுக்கு முதல் பாடசாலை அந்தத் தோட்டம்தான்.

படிப்பில் கெட்டிக்காரன் என்று ஆசிரியர் சொன்னதால், பதினொரு வயதில் வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிறகு ஒப்பாவா நகரில் உயர்நிலைப் பள்ளி. வீட்டிலிருந்து பணம் போதிய அளவு வராது. வண்டி வரும்போது ரொட்டியும் வெண்ணெயும் வரும். 1838இல் அதுவும் தடுமாறியது. பண்ணையாருக்காக மரம் வெட்டும் வேலையில், உருண்டு வந்த கட்டை ஒன்று தந்தையின் மார்பை நசுக்கிவிட்டது. அதன் பிறகு அவரால் முன்போல் உழைக்க முடியவில்லை. பதினாறு வயது யோகான், மற்ற மாணவர்களுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துத் தன் வயிற்றைத் தானே கழுவிக்கொண்டான். பசியும் கவலையும் சேர்ந்து உடல் கெட்டது. அடிக்கடி மாதக்கணக்கில் படுக்கை. மேல்படிப்புக்கு ஒலமோட்ஸ் நகரத்துக்குப் போனபோது, அங்கே அறிமுகம் இல்லாததால் டியூஷனும் கிடைக்கவில்லை. நோயோடு ஊருக்குத் திரும்பி ஓராண்டை இழந்தார்.

இந்த இடத்தில் படிப்பு நின்றிருக்க வேண்டும். நிற்காததற்குக் காரணம் அவருடைய தங்கை தெரேசியா. அண்ணன் படிப்புக்காகத் தன் சீதனத்தில் ஒரு பகுதியை அவள் விட்டுக்கொடுத்தாள். அப்போது அவள் சிறு பெண். நம் வீடுகளில் பெண்பிள்ளையின் நகை அண்ணனின் கல்லூரிக் கட்டணமாக மாறுவது புதிதல்ல. ஆனால் கேட்காமலே கொடுப்பவர்கள் குறைவு. அந்தப் பணத்தில்தான் 1843இல் ஒலமோட்ஸ் படிப்பை முடித்தார்.

அடுத்து என்ன? பல்கலைக்கழகம் போகப் பணமில்லை. அவருக்கு இயற்பியல் கற்பித்த பிரான்ஸ் என்னும் ஆசிரியர், பிர்னோ நகரில் உள்ள புனித அகுஸ்தினார் சபையின் புனித தோமா மடத்துக்குப் பரிந்துரை செய்தார். 1843 அக்டோபரில் மெண்டல் அங்கே சேர்ந்தார். கிரகோர் என்பது துறவறப் பெயர். அன்றாடப் பிழைப்புக் கவலையிலிருந்து விடுபடவே மடத்தைத் தேர்ந்தார் என்பதைப் பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதை நம் இறையழைத்தல் முகாமில் யாராவது சொல்லியிருந்தால் மறுநாளே மூட்டை கட்டி அனுப்பியிருப்போம்! ஆனால் அந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் அந்த மடத்திலேயே உண்மையாக வாழ்ந்து இறந்தார். அழைத்தல் எந்த வாசல் வழியாக வரும் என்று யார் கண்டது!

1847 ஆகஸ்டு 6, ஆண்டவரின் உருமாற்றத் திருநாளன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இறையியல் படிப்பு முடிந்ததும் பங்குப் பணிக்கு அனுப்பினார்கள். அதில் அவர் தோற்றுப்போனார். நோயாளிகளின் படுக்கை அருகே நிற்க நேரும்போதெல்லாம் அஞ்சி நடுங்கி, தாமே நோயில் விழுந்துவிடுவார். நோயில்பூசுதல் கொடுக்க நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பழகிய எனக்கு, தொடக்க நாள்களில் என் கை எப்படி நடுங்கியது என்பது நினைவிருக்கிறது. எனக்கு அது சில மாதங்களில் போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. மடத்தலைவர் சிரில் நாப் கூர்மையான மனிதர். இவருக்கு இந்தப் பணி ஒத்துவராது என்று கண்டு, 1849இல் ஸ்நாய்மோ நகரப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். மெண்டல் அங்கே மலர்ந்துவிட்டார். நல்ல ஆசிரியர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இங்கேதான் சான்றிதழ் குறுக்கே வருகிறது. நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் அரசுத் தேர்வில் தேற வேண்டும் என்பது அப்போது வந்திருந்த விதி. பல்கலைக்கழகத்தில் படித்தவர்களை மனத்தில் வைத்து அமைத்த தேர்வு அது. மெண்டல், தாமாகப் புத்தகம் படித்து 1850இல் வியன்னாவில் தேர்வு எழுதினார். இயற்பியல் விடைகள் நன்றாக இருந்தன. நிலவியலும் விலங்கியலும் கவிழ்த்துவிட்டன. பாலூட்டிகளை வகைப்படுத்தச் சொன்ன கேள்விக்கு அவர் எழுதிய விடை மிகவும் பலவீனம். தேர்வாளர்கள் அநியாயம் செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே அந்தப் பாடம் தெரியவில்லை.

ஆனால் அந்தத் தேர்வாளர்களுள் ஒருவரான பௌம்கார்ட்னர் என்பவர், இவரிடம் சரக்கு இருக்கிறது, முறையாகக் கற்பிக்கத்தான் ஆளில்லை என்பதைக் கண்டுகொண்டார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள் என்று மடத்தலைவருக்கு ஆலோசனை சொன்னார். நாப் செலவைப் பற்றி யோசிக்கவில்லை. ஆயருக்கு எழுதி அனுமதி பெற்று, 1851 அக்டோபரில் மெண்டலை வியன்னாவுக்கு அனுப்பினார். பங்குப் பணிக்கும் ஆகவில்லை, தேர்விலும் தோற்றார். நம் சபைகளில் இப்படி ஒருவரை என்ன செய்திருப்போம் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

வியன்னாவில் இரண்டு ஆண்டுகள். ஒலியையும் ஒளியையும் பற்றிய விதிக்குப் பெயர் தந்த டாப்ளரிடம் இயற்பியல் கற்றார். எட்டிங்ஸ்ஹவுசனிடம் சேர்மானக் கணிதம் கற்றார். அதாவது சில பொருள்களை எத்தனை விதமாக இணைக்கலாம் என்று கணக்கிடும் முறை. ஊங்கர் என்பவரிடம் தாவரங்களின் உடலியல். 1853இல் மடத்துக்குத் திரும்பினார். பட்டம் ஏதும் வாங்கவில்லை. படிப்பு மட்டும் கிடைத்தது.

1854 முதல் பிர்னோவில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் மறுபடியும் தற்காலிக ஆசிரியர். 1856இல் மறுபடியும் வியன்னா, மறுபடியும் அதே தேர்வு. இம்முறை உடல்நலம் குலைந்து, தேர்வை முடிக்காமலே திரும்பினார்.

கொத்தனாரின் மகன் அதுவரை தலை குனிந்தபடிதான் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் நிமிர்ந்து, மூன்றாம் முறை எழுதித் தேறினாரா என்று கேட்டான். இல்லை என்றேன். பிறகு அவர் அந்தத் தேர்வை எழுதவே இல்லை. 14 ஆண்டுகள், 1868 வரை, குறைந்த ஊதியத்தில் தற்காலிக ஆசிரியராகவே இருந்தார். மாணவர்களுக்கு அவர்மேல் மிகுந்த அன்பு. ஆனாலும் சான்றிதழ் உள்ளவர்களுக்குக் கிடைத்த பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டுக் கதை சொல்வது அந்தப் பையனுக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குத் தோன்றியது. காகிதம் இல்லாவிட்டால் சில கதவுகள் திறக்காது. மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர் ஆகிய வேலைகளுக்கு இன்றும் அப்படித்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். பட்டம் இல்லாத ஒருவர் என் வயிற்றைக் கிழித்து அறுவை செய்ய நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் முறை தோற்ற அதே 1856இல்தான், மடத்துத் தோட்டத்தில் அவர் பட்டாணிகளை ஒன்றோடொன்று இனக்கலப்புச் செய்யத் தொடங்கினார். அதற்கு முன்பே 34 ரகங்களை வாங்கி, இரண்டு ஆண்டுகள் பயிரிட்டுப் பார்த்து, தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் வரும் 22 ரகங்களைத் தேர்ந்து வைத்திருந்தார். தோட்டத்தின் நீளம் 35 மீட்டர், அகலம் 7 மீட்டர். நம் பங்குகளில் கெபிக்கு முன்னால் விடும் இடம் அளவுதான். மடத்தலைவர் நாப் ஒரு கண்ணாடி வீடும் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த வட்டாரத்தில் ஆட்டு ரோமத் தொழில் பெரிது; ஆடு வளர்ப்போரின் கூட்டத்தில் 1837லேயே, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வருகிறது, எப்படி வருகிறது என்பதல்லவா கேள்வி என்று எழுப்பியவர் நாப்.

வேலை எளிதானதல்ல. பட்டாணிப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறும். எனவே பூ முழுவதும் விரியும் முன்னே, மொட்டைத் திறந்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். பிறகு வேறு செடியின் மகரந்தத்தைத் தூவி, பூச்சி தொடாதபடி சிறு பையால் மூடிக் கட்ட வேண்டும். வகுப்பு, செபம், திருப்பலி இவற்றுக்கிடையே எட்டு ஆண்டுகள் இதைச் செய்தார். சுமார் 28,000 செடிகள்!

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால், பிள்ளைத் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமலே போய்விட்டது போலத் தோன்றும். அந்தக் கலப்புச் செடிகளில் 253ஐத் தாமே கருவுற விட்டார். 7,324 விதைகள் கிடைத்தன. அவற்றை மேசையில் கொட்டி எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. மூன்றுக்கு ஒன்று. மஞ்சள், பச்சை நிறங்களில் 6,022க்கு 2,001. மறுபடியும் மூன்றுக்கு ஒன்று. காணாமல் போனதாக நினைத்த பண்பு அழியவில்லை. மறைந்திருந்து பேரப்பிள்ளையில் திரும்பி வருகிறது. ஒவ்வொரு பண்புக்கும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு காரணிகள் இருந்து, அவை மறுபடி பிரிந்து சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு வரும். தம்பதியர் இருவருமே ஒரு பரம்பரை நோயின் காரணியை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் என்று இன்று மருத்துவர் சொல்வது இதே கணக்குத்தான்.

அவருக்கு முன்பும் பலர் செடிகளைக் கலந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தார்கள், வியந்தார்கள், வர்ணித்தார்கள். மெண்டல் எண்ணினார். எண்ணத் தோன்றியது எங்கிருந்து? ஒட்டு மரம் தந்தையின் தோட்டத்திலிருந்து வந்தது. கணக்கு வியன்னாவிலிருந்து வந்தது. அதனால்தான் மெண்டலைக் காட்டிப் படிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த இரண்டு ஆண்டுகள் இல்லையென்றால் அவர் நல்ல தோட்டக்காரராக மட்டும் இருந்திருப்பார். அவர் விட்டது பட்டத்தை, படிப்பை அல்ல. அரியர் வைத்த பையனிடம் நான் கேட்டதும் இதைத்தான்: மூன்று ஆண்டுகளில் எந்தப் பாடமாவது உனக்குப் பிடித்ததா? வெகு நேரம் யோசித்து, மின்சார மோட்டார் பற்றிய ஒரு செய்முறை வகுப்பைச் சொன்னான். அந்த நவம்பரில் இரண்டு தாள்கள் எழுதினான். ஒன்றில் தேறினான்.

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரு நாள்களில், தாம் வேலை பார்த்த அதே பள்ளியில் நடந்த பிர்னோ இயற்கை அறிவியல் கழகக் கூட்டத்தில் மெண்டல் தம் ஆய்வை வாசித்தார். 1866இல் அது கழகத்தின் இதழில் அச்சானது. இதழ் ஐரோப்பாவின் பல நூலகங்களுக்குப் போனது. 40 தனிப் படிகள் வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். மியூனிக் நகரப் பேராசிரியர் நேகெலி மட்டும் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். அவரும் முழுதாக நம்பவில்லை. தாம் ஆராய்ந்துவந்த ஹைரேசியம் என்னும் மஞ்சள் பூச்செடியில் சோதித்துப் பார்க்கத் தூண்டினார். அந்தச் செடியோ பெரும்பாலும் கருவுறாமலே விதை தருவது. அது அன்று யாருக்கும் தெரியாது. மெண்டல் கண் வலிக்க வலிக்க உழைத்தும், பட்டாணிக் கணக்கு அதில் வரவில்லை. பட்டம் இல்லாதவர் என்பதால்தான் உலகம் அவரைப் புறக்கணித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தாவரவியலில் கணக்கைக் கலந்த அந்தக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ள அன்று யாருமே தயாராக இல்லை.

1868இல் நாப்பின் இடத்துக்கு மெண்டலையே மடத்தலைவராகத் தேர்ந்தார்கள். தற்காலிக ஆசிரியர் நகரத்தின் பெரிய மனிதரானார். அடமான வங்கியின் நிர்வாகத்திலும் இடம் வந்தது. ஆனால் தோட்டத்துக்கு நேரம் போய்விட்டது. தேனீக்களையும் வானிலைக் குறிப்புகளையும் மட்டும் விடவில்லை. 1874இல் மடங்களின்மேல் அரசு விதித்த வரியை அநீதி என்று சொல்லி, இறுதிவரை கட்ட மறுத்தார். பத்தாண்டு வழக்கும் கசப்பும். 1884 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று, சிறுநீரக நோயால் இறந்தார். அடக்கத் திருப்பலியில் பாடகர் குழுவை நடத்தியவர் பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் யனாச்செக். கூட்டம் மிகப் பெரிது. ஏழைகளுக்கு உதவிய மடத்தலைவர் என்றே அவர்கள் அவரை அறிந்திருந்தார்கள். அவருடைய தனிப்பட்ட தாள்கள் பிறகு எரிக்கப்பட்டன.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900இல், ஹாலந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து மூன்று அறிஞர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்தப் பழைய கட்டுரையைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்களுள் ஆஸ்திரியரான செர்மாக், வியன்னாவில் மெண்டலுக்குத் தாவரவியல் கற்பித்த பேராசிரியர் ஒருவரின் மகள் வயிற்றுப் பேரன். அன்று முதல் மரபியல் என்றால் மெண்டல். பிர்னோவில் இன்று ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரைத் தாங்கி நின்று, ஆண்டுதோறும் பட்டம் வழங்குகிறது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். தங்கை தெரேசியாவின் சீதனம். மணமாகிப் போன அவளுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். மடத்தலைவரான பிறகு மெண்டல் அந்த மூவரையும் பிர்னோவுக்கு அருகழைத்து, உயர்நிலைப் பள்ளியிலும் அதற்கு மேலும் படிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவார்களாம். அவர்களுள் இருவர் பல்கலைக்கழகம் சென்று, தேர்வுகளில் தேறி, மருத்துவர் ஆனார்கள்.